மணையில் ஒரு மாங்காய்: ரவுட்டர் இன்லே கிட் பழகுபவர்களுக்கு

ஒரு நிற மரத்தில் குழி எடுத்து, வேறு நிற மரத்தை அதே வடிவத்தில் வெட்டி, இடைவெளி தெரியாமல் உள்ளே இறக்குவதுதான் இன்லே வேலை. உளி மட்டும் வைத்து இதைச் செய்ய வருடக்கணக்கில் கை பழக வேண்டும். ரவுட்டர் என்பது வேகமாகச் சுழலும் பிட் என்ற வெட்டு அலகால் மரத்தைக் குடையும் கை மெஷின். அதில் மாட்டும் இன்லே கிட் இருந்தால் புதிதாக வருபவரும் சீக்கிரமே நல்ல பொருத்தம் எடுத்துவிடலாம். ஆனால் கிட்டை வாங்கி மாட்டினால் மட்டும் பொருத்தம் வந்துவிடாது. அதைத் தீர்மானிப்பது டெம்ப்ளேட், அதாவது வடிவத்தைத் திறப்பாக வெட்டி ரவுட்டருக்கு வழிகாட்டியாக வைக்கும் பலகை. ஒரு நாள் வேலை என்றால் அரை நாளுக்கு மேல் டெம்ப்ளேட்டுக்கே கொடுங்கள். ரவுட்டர் ஓடும் நேரம் மொத்தத்தில் கொஞ்சம்தான்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழகத் தோதான ஒரு பொருள் உண்டென்றால் அது மணைதான். கல்யாணத்துக்கும் பூஜைக்கும் எல்லா வீட்டிலும் தேவைப்படுகிறது, அளவு சின்னது, மேல் பக்கம் தட்டையானது. அதன் நடுவில் ஒரு மாங்காய் வடிவம் பதிப்பதையே இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அது கைக்கு வந்தபின் இதே முறையில் ஊஞ்சல் பலகைக்கும் போகலாம், பூஜை அறைக் கதவுக்கும் போகலாம்.

கிட்டுக்குள் என்ன இருக்கிறது

நாலே சாமான். ரவுட்டரின் அடித்தட்டில் மாட்டும் பித்தளை புஷ் (பிட்டைச் சுற்றி நின்று டெம்ப்ளேட் ஓரத்தில் உரசி ஓடும் குழல்), அதை இறுக்கும் நட்டு, புஷ்ஷின் மேல் செருகிக் கழற்றும் வளையம், ஒரு சின்ன கார்பைடு பிட். சில கிட்டில் மையம் பார்க்கும் ஊசி ஒன்றும் கூடவே வரும். அது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் அங்குல அளவில் வரும். நம் தச்சர்கள் சொல்லும் நூல் கணக்கில் அதைப் பார்த்தால் மிகச் சுலபமாகப் புரிகிறது. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். பரவலாகக் கிடைக்கும் கிட்டில் பிட் ஒரு நூல், அதாவது 3.175 மில்லிமீட்டர். புஷ்ஷின் வெளி விட்டம் இரண்டரை நூல். வளையத்தின் வெளி விட்டம் நாலரை நூல். அப்படியென்றால் வளையத்தின் சுவர் கனம் சரியாக ஒரு நூல், பிட் அளவேதான். மொத்த வித்தையும் இந்தச் சமன்பாட்டில்தான் இருக்கிறது.

வளையம் மாட்டிக் குழி வெட்டும்போது டெம்ப்ளேட் ஓரத்திலிருந்து பிட்டின் வெளி விளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கும்? நாலரையில் ஒன்று போக மூன்றரை, அதில் பாதி, ஒன்றேமுக்கால் நூல். வளையத்தைக் கழற்றித் துண்டை வெட்டும்போது பிட்டின் உள் விளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கும்? இரண்டரையோடு ஒன்று சேர்த்தால் மூன்றரை, அதில் பாதி, மறுபடியும் ஒன்றேமுக்கால் நூல். குழியின் வெளிக்கோடும் துண்டின் வெளிக்கோடும் ஒரே இடத்தில் விழுகின்றன. அதனால்தான் ஒரே டெம்ப்ளேட்டில் இரண்டையும் வெட்ட முடிகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் பாதிச் சிக்கல்களை நீங்களே அவிழ்த்துவிடுவீர்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு நூல் பிட் மெல்லியது, உடையும். உடைந்ததும் கடைக்குப் போனால் 3 மில்லிமீட்டர் பிட்டை எடுத்துக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. 3 மில்லிமீட்டர் பிட்டில் வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் 0.175 மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டு குழியைவிடப் பெரிதாகிவிடும். சுத்தியல் வைத்து அடித்தாலும் உள்ளே இறங்காது. கிட் வாங்கும்போதே சரியான பிட் இன்னொன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.

உங்கள் ரவுட்டருக்கு இது பொருந்துமா

கிட்டுக்குக் காசு கொடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, அடித்தட்டின் துளை. கிட்டில் வரும் புஷ், படிக்கட்டுபோல விளிம்பு வெட்டிய ஒன்றேகால் அங்குலத் துளையில் உட்காரும் வகையாக இருக்கும். டிரிம்மர் எனப்படும் கையடக்க ரவுட்டர்கள் பலவற்றில் அந்தத் துளை கிடையாது. தனியாக ஓர் அக்ரிலிக் அடித்தட்டு வாங்கியோ செய்தோ மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, காலெட், அதாவது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. பிட்டின் தண்டு பெரும்பாலும் கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். உங்கள் மெஷினில் 6 மில்லிமீட்டர் காலெட் மட்டும் இருந்தால் தண்டு நுழையாது. தண்டைத் தேய்த்து நுழைக்கப் பார்க்காதீர்கள், 6.35 காலெட் தனியாக வாங்குங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பிளஞ்ச் அடித்தட்டு, அதாவது ஓடும்போதே பிட்டை நேராகக் கீழே இறக்கி, நேராக மேலே தூக்கும் வசதி. சாதாரண டிரிம்மரைச் சாய்த்து இறக்கி வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். புதியவர்கள் அதைச் செய்யவே வேண்டாம். சாயும் அந்த ஒரு நொடியில் பிட் டெம்ப்ளேட்டைக் கடிக்கும், மணையைக் கடிக்கும், கையையும் கடிக்கும். பல டிரிம்மர்களுக்குப் பிளஞ்ச் அடித்தட்டு தனியாகவே விற்கிறார்கள். இந்த வேலையில் நான் முதலில் செலவு செய்யச் சொல்வது அதற்குத்தான்.

புஷ்ஷை மாட்டியபின், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். உட்சுவரில் எங்கும் உரசக்கூடாது. பிட் நடுவில் நிற்கிறதா என்று மைய ஊசி போட்டுச் சரிபாருங்கள். நூல் பிடித்ததுபோல் நடுவில் நிற்காவிட்டாலும் தப்பிக்க ஒரு வழி உண்டு. குழி வெட்டும்போதும் துண்டு வெட்டும்போதும் ரவுட்டரை உடலோடு சேர்த்துத் திருப்பாமல், அதன் கைப்பிடி எப்போதும் ஒரே திசையைப் பார்க்கும்படி பிடித்து ஓட்டுங்கள். அப்போது பிட் எந்தப் பக்கம் விலகியிருந்தாலும் வடிவம் முழுக்க அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகருமே தவிர, அளவு மாறாது.

மரம்

மணைக்குப் பலா. நம் பக்கத்தில் இதைவிடத் தோதான மரத்தைச் சொல்வது கஷ்டம். தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் செய்யப்படுகிறது. அதற்கான மரம் பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிறது. வாய்ப்புக் கிடைத்தால் தஞ்சாவூரில் வீணை செய்யும் இடம் ஒன்றுக்குப் போய், குடத்தின் மேல்பலகையில் ஓரம் கட்டிப் பதித்திருப்பதை நேரில் பாருங்கள். முன்பு அந்த இடத்தில் யானைத் தந்தம் இருந்தது, இப்போது பிளாஸ்டிக் போடுகிறார்கள். பொருள் மாறினாலும் விளிம்பை எப்படி நெருக்கி உட்கார வைக்கிறார்கள் என்பது அப்படியே இருக்கிறது. படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் அது.

புது மரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்போது விழுந்த பலாவையோ தேக்கையோ பலகையாக அறுத்துப் பரணில் போட்டு வைத்த வீடு உங்கள் சொந்தத்தில் இருந்தால், கேட்டுப் பாருங்கள். இத்தனை வருடம் நிழலில் காய்ந்த பலகை மரவாடியில் கிடைப்பது அரிது. எடுக்கும்போது வைரம் பாய்ந்த நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். வெளிப்பக்கத்து இளமரமான வெளிறு வேண்டாம். வண்டு அங்கேதான் துளைக்கும்.

பதிக்கும் துண்டுக்கு என்ன மரம்? இங்கே நிறம் மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இன்று இழைத்த பலா மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு நாளாக ஆக அது பழுப்பேறும். பலாவில் தேக்கைப் பதித்தால் முதல் வருடம் அழகாகத் தெரியும், பத்து வருடத்தில் இரண்டும் ஒரே நிறமாக நெருங்கிவிடும். மாங்காய் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதனால் வித்தியாசம் நிலைக்கும் ஜோடியாகப் பாருங்கள். பலாவில் கருங்காலியோ ஈட்டியோ பதிக்கலாம். எதிர்ப்பக்கமாகப் போவதென்றால் வாகையின் கரும்பழுப்பு வைரத்தில் வெப்பாலை பதிக்கலாம். வெப்பாலை தந்தம்போல வெளுத்த, நெருக்கமான மரம், பொம்மை கடைவதற்குப் பயன்படுவது. ஒரு மாங்காய்க்கு உள்ளங்கை அளவு துண்டு போதும் என்பதால், கடைசல் வேலை செய்பவர்களிடம் கழிவாகக் கிடப்பதையே கேட்டு வாங்கலாம்.

மணைப் பலகையையும் பதிக்கும் மரத்தையும் ஒரே அறையில், காற்றோட்டமாக, சில வாரம் ஒன்றாக வைத்திருங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும். இரண்டும் ஒரே நிலைக்கு வந்தபின் வெட்டினால்தான் பொருத்தம் நிற்கும். பதிக்கும்போது இரண்டின் நார் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். குறுக்கே வைத்தால் மணை அகலவாக்கில் சுருங்கும்போது துண்டு இடம் கொடுக்காமல் நிற்கும். அதனால் ஓரத்தில் கீறல் விழும்.

டெம்ப்ளேட்

6 அல்லது 9 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) நல்லது. கனத்தை முடிவு செய்யும் முன் புஷ்ஷும் வளையமும் அடித்தட்டுக்குக் கீழே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளந்து பாருங்கள். டெம்ப்ளேட் அதைவிட ஒரு மில்லிமீட்டராவது கனமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் மரத்தில் முட்டும், ரவுட்டர் தட்டையாக உட்காராது.

இனி அளவு. டெம்ப்ளேட்டின் திறப்பு, நீங்கள் விரும்பும் வடிவத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றேமுக்கால் நூல் பெரிதாக இருக்க வேண்டும். மொத்தத்தில் மூன்றரை நூல், சுமார் 11.1 மில்லிமீட்டர். இரண்டங்குல வட்டம் பதிக்க வேண்டுமானால் திறப்பு பத்தொன்பதரை நூல், கிட்டத்தட்ட 62 மில்லிமீட்டர். முதல் பயிற்சியே அந்த வட்டமாக இருக்கட்டும். கழிவுப் பலகையில் ஒரு வட்டம் பதித்துப் பார்த்துவிட்டால் கிட்டின் குணம் தெரிந்துவிடும்.

மாங்காய்க்கு வரும்போது வளைவுகளைக் கவனிக்க வேண்டும். மாங்காயின் வால் நுனிபோல வெளியே நீளும் மூலை ஒரு வகை. வாலுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ளே குழியும் வளைவு இன்னொரு வகை. இரண்டுக்கும் எல்லை வேறு வேறு.

வால் நுனியை எவ்வளவு கூராக வைக்கலாம்? பதித்த மாங்காயில் நுனியின் ஆரம் அரை நூல் வரை போகலாம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதற்கு டெம்ப்ளேட்டில் அந்த மூலையின் ஆரம் இரண்டேகால் நூல், சுமார் 7.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வளையத்தின் பாதி விட்டம் அது. அதைவிடக் கூராக டெம்ப்ளேட்டை வெட்டினால் குழியின் நுனி உருண்டையாகவே வரும், துண்டின் நுனி மட்டும் கூராக வரும். அப்புறம் துண்டின் மூக்கைத் தேய்க்க வேண்டும், அல்லது குழியின் மூலையை உளியால் எடுக்க வேண்டும். உளி பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டாவதைச் செய்யுங்கள், மாங்காய்க்குக் கூர்வால்தான் அழகு.

உள்ளே குழியும் வளைவில் விட்டுக்கொடுப்பே கிடையாது. டெம்ப்ளேட்டில் அந்த இடத்தை ஊசிமுனையாகவே வெட்டினாலும், பதித்த வடிவத்தில் ஆரம் ஒன்றேமுக்கால் நூலுக்குக் குறையாது. 5.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே பட்டுப்புடவைக் கரையில் இருப்பதுபோல வாலை நெருக்கிச் சுருட்டிய மாங்காயை இந்தக் கிட்டில் எடுக்க முடியாது. அரைவட்டமாக மெல்ல வளைந்து திரும்பும் மாங்காயை வரையுங்கள். பேப்பரில் ஒன்றேமுக்கால் நூல் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டு, படத்தின் ஒவ்வொரு உள்வளைவிலும் அதை வைத்துப் பார்த்தால் போதும். வட்டம் வளைவுக்குள் உட்கார்ந்தால் சரி, உட்காராமல் இரண்டு பக்கமும் இடித்தால் படத்தை மாற்றுங்கள்.

அப்புறம், திறப்பின் எந்த இடமும் நாலரை நூலைவிடக் குறுகக் கூடாது. வளையம் அதற்குள் நுழையாது.

படத்தை எம்.டி.எஃபில் ஒட்டி, கோட்டுக்குச் சற்று உள்ளே ஜிக்சாவால் அறுத்து, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரை கொண்டு வாருங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். புஷ் ஓரத்தில் உரசிக்கொண்டே போகும்போது, அங்கே ஒரு சின்ன மேடு இருந்தாலும் அது குழியிலும் விழும், துண்டிலும் விழும். கண்ணை நம்பாமல் விரல் நுனியை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குப் படாத மேடு விரலுக்குப் படும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசர் மெஷின் இருந்தால் அக்ரிலிக்கில் வெட்டி வாங்குவதும் நல்ல வழி. வரைபடத்தில் ஒன்றேமுக்கால் நூல் கூட்டியாயிற்றா என்று கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, டெம்ப்ளேட்டின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு போட்டு ஓரம் வரை இழுத்து வையுங்கள். மணையில் போட்ட மையக்கோட்டோடு பொருத்த அவை வேண்டும்.

குழி வெட்டுவது

வளையம் மாட்டுங்கள். குழிக்கு வளையம் உண்டு, துண்டுக்கு இல்லை. இதை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி மெஷினிலேயே ஒட்டி வைத்தாலும் நல்லதுதான். மாறிப்போனால் ஒரு பக்கத்துக்கு ஒரு நூல் வித்தியாசம் வரும். அதற்குப் பிறகு மீட்க வழியில்லை.

டெம்ப்ளேட்டை டபுள் சைடு டேப்பால் மணையில் ஒட்டி, இரண்டு ஓரத்தில் கிளாம்பும் போடுங்கள். ரவுட்டர் சுற்றி வரும் பாதையில் கிளாம்ப் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழியின் ஆழம் 3 மில்லிமீட்டர் போதும். ரவுட்டரை டெம்ப்ளேட்டின் மேல் வைத்து, பிட் நுனி மணையைத் தொடும் இடத்தைச் சுழியமாக வைத்து, அங்கிருந்து 3 மில்லிமீட்டருக்கு ஆழ நிறுத்தியைப் பொருத்துங்கள். ஒரே இறக்கில் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எடுத்தால் இந்த மெல்லிய பிட் தாங்காது.

கண்ணாடி, மாஸ்க் இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஈட்டித் தூளும் தேக்குத் தூளும் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒத்துக்கொள்ளாது. சும்மா ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் வழக்கத்தை இந்த வேலைக்குக் கொண்டு வராதீர்கள்.

ரவுட்டரை ஓடவிட்டு, திறப்பின் நடுவில் பிட்டை இறக்கி, மெல்ல ஓரத்துக்கு வந்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். திறப்பின் உள்ளே இந்தத் திசையில் போனால் பிட்டின் சுழற்சியே வளையத்தை டெம்ப்ளேட் ஓரத்தோடு அணைத்துப் பிடிக்கும். எதிர்த்திசையில் போனால் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். ஓரம் முழுக்க ஒரு சுற்று வந்தபின் நடுவில் மீந்த மரத்தை முன்னும் பின்னுமாக எடுத்துவிடுங்கள். குழி வெட்டும்போது கை உள்ளே விலகினாலும் பாதகமில்லை, கொஞ்சம் மரம் மீந்திருக்கும், இன்னொரு சுற்று வந்தால் போய்விடும். முடித்ததும் தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு இன்னொரு சுற்று வாருங்கள். வளையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே தூள் மாட்டினால் அந்த இடத்தில் குழி சிறுத்துப்போகும்.

கரண்ட் விஷயம் ஒன்று. வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதல் வேலையாக ரவுட்டரின் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்ச் போட்டபடியே கிடந்தால், கரண்ட் வந்ததும் பல மெஷின்கள் தானே ஓட ஆரம்பித்துவிடும். வோல்டேஜ் குறைந்து மெஷின் முனகும் நேரத்திலும் வெட்ட வேண்டாம். வேகம் குறைந்தால் பிட் வெட்டாமல் மரத்தைக் கருக்கும். வாசனையிலேயே தெரியும்.

குழியின் அடிமட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிட் சென்ற கோடுகள் மேடாக நின்றால் உளியின் தட்டைப் பக்கத்தால் சுரண்டிவிடலாம். டெம்ப்ளேட்டை இப்போதே எடுக்காமல், ஓரம் முழுவதும் சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே எடுங்கள். எடுத்தபின் அதே இடத்தில் திரும்ப ஒட்டுவது நடக்கிற காரியமில்லை.

துண்டு வெட்டுவது

இங்கே எல்லாம் தலைகீழ். குழி மன்னிக்கும், துண்டு மன்னிக்காது. கை கொஞ்சம் உள்ளே விலகினால் பிட் நேராகத் துண்டைத்தான் கடிக்கும்.

பதிக்கும் மரத்தை 4 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துக்கொள்ளுங்கள். குழியைவிட ஒரு மில்லிமீட்டர் கூட இருப்பது பின்னால் மட்டம் பிடிக்கத்தான். அதை ஒரு கழிவு எம்.டி.எஃபில் டபுள் சைடு டேப்பால் அடி முழுக்க ஒட்டுங்கள். மாங்காய் வரும் இடத்தின் நடுவிலும் டேப் இருக்க வேண்டும். கடைசிச் சுற்றில் துண்டு விடுபடும்போது டேப் பிடிக்கவில்லையென்றால் பிட் அதைத் தூக்கி எறியும். ரேகை மணையின் ரேகையோடு ஒத்துப்போகும்படி டெம்ப்ளேட்டைத் திருப்பி ஒட்டுங்கள்.

வளையத்தைக் கழற்றுங்கள். புஷ்ஷை டெம்ப்ளேட் ஓரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் பிட்டை இறக்க வேண்டும், நடுவில் இறக்கக் கூடாது. இறங்கியதும் அதே கடிகாரத் திசையில், ஓரத்தை விடாமல், ஒரே சீராகச் சுற்றுங்கள். வளைவுகளில் அவசரம் வேண்டாம். சுற்றி முடிந்தால் முதலில் பிட்டை நேராக மேலே தூக்குங்கள், பிறகுதான் ரவுட்டரை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மெஷினை நிறுத்தி, வெட்டிய ஒரு நூல் பள்ளத்தில் அடைந்த தூளை ஊதித் தள்ளுங்கள். கடைசிச் சுற்று மரத்தைத் தாண்டி அடி எம்.டி.எஃபில் ஒரு கீறல் விழும் அளவுக்குப் போகட்டும்.

டேப் விட்டுக்கொடுக்காவிட்டால் ஓரத்தில் இரண்டு சொட்டு தின்னர் விட்டுக் காத்திருந்து, மெல்லிய பட்டி பிளேடால் கிளப்புங்கள். ஒரு முனையைப் பிடித்து நெம்பினால் வால் முறியும்.

பொருத்திப் பார்ப்பது

துண்டின் அடி விளிம்பை மட்டும் உப்புத்தாளால் ஒரு தடவு தடவிக் கூர் மழுக்குங்கள். பசை போடாமல் குழிமேல் வைத்து விரலால் அழுத்துங்கள். பாதி இறங்கி இறுக்கமாக நின்றால் அதுவே சரியான பொருத்தம், மேலே அழுத்தாதீர்கள், வெளியே எடுக்க முடியாமல் போகும். கொஞ்சம்கூட இறங்கவில்லையென்றால் கணக்கை நினைத்துப் பாருங்கள். புஷ் பருத்தால் துண்டு சிறுக்கும். ஆகவே வளையமில்லாத புஷ்ஷைச் சுற்றி ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு, வேறு மரத்துண்டில் இன்னொரு மாங்காய் வெட்டினால் மயிரிழை தளர்ந்து வரும். துண்டு லொடலொடவென்று ஆடினால் அதற்கு நேர்மாறு: அடுத்த மணைக்குக் குழி வெட்டும்போது வளையத்தின் மேல் டேப்பைச் சுற்றுங்கள், குழி சிறுக்கும். உப்புத்தாளால் துண்டின் பக்கங்களைத் தேய்த்துப் பொருத்த முயல்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தேய்த்த பக்கம் சரிந்துவிடும், மேலே மட்டம் பிடிக்கும்போது இடைவெளி வாயைத் திறக்கும்.

ஒட்டுவதும் மட்டம் பிடிப்பதும்

சாதாரண ஃபெவிகால் போதும். தேக்கு, ஈட்டி மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரமானால் ஒட்டும் பக்கத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டுங்கள். குழியின் அடியிலும் சுவரிலும் பசையை மெல்லிசாகத் தடவினால் போதும். அதிகமாக ஊற்றினால் இறுகிய குழிக்குள் அது போக இடமில்லாமல் துண்டை மேலே தள்ளும். துண்டை வைத்து, மேலே பாலிதீன் தாள், அதன்மேல் தட்டையான ஒரு கட்டை, அதற்கு மேல் கிளாம்ப். நடுவிலிருந்து அழுத்தம் சமமாக விழ வேண்டும்.

மறுநாளே மட்டம் பிடிக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பசையில் உள்ள தண்ணீரைக் குடித்து விளிம்பு மரம் உப்பியிருக்கும். அந்த நிலையில் மட்டம் பிடித்தால், காய்ந்தபின் மாங்காயைச் சுற்றி ஒரு மெல்லிய வாய்க்கால் இறங்கிக் கிடக்கும். நல்ல வெயில் காலத்தில் இரண்டு நாள் விடுங்கள். அடைமழை என்றால் நாலைந்து நாள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டும் வேலையே வைத்துக்கொள்ளாமல், அந்த மாதங்களை டெம்ப்ளேட் செய்ய ஒதுக்குங்கள்.

மேலே நிற்கும் ஒரு மில்லிமீட்டரில் பெரும்பகுதியைக் கூரான இழைப்புளியால், ரேகைத் திசையில், மெல்லிய சீவலாக எடுங்கள். மீதியை ஸ்கிரேப்பரால் (சுரண்டும் எஃகுத் தகடு) சுரண்டுங்கள். ஆரம்பத்திலேயே உப்புத்தாளைப் போடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருங்காலித் தூள் மசிபோல இருக்கும். அது பலாவின் திறந்த துளைகளில் இறங்கிவிட்டால் மஞ்சள் மரம் அழுக்குப் பிடித்ததுபோல ஆகிவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஸ்கிரேப்பர் தூளாக்காமல் சீவலாக எடுப்பதால் இந்தத் தொல்லை இல்லை. உப்புத்தாள் வேண்டுமென்றால், அதற்கு முன் வெளிர் மரத்தின் மேல் ஒரு கோட் அரக்கு பாலிஷோ சீலரோ அடித்துக் காயவிடுங்கள். துளைகள் அடைபட்டுவிடும். பிறகு 180, 220, 320 நம்பர் உப்புத்தாள் என்று ஏறுங்கள். தேய்ப்பதும் ரேகைத் திசையில்தான்.

மயிரிழை இடைவெளி தெரிந்தால் இரண்டில் கருத்த மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடையுங்கள். வெளிர் தூளும் பசை பட்டதும் கருத்துத்தான் போகும், அது திட்டாகத் தெரியும். கருத்த தூள் கருத்த துண்டின் விளிம்போடு சேர்ந்துவிடும்.

மணையில் ஈரத்துணியோடு உட்காருவார்கள், மஞ்சள் தண்ணீர் சிந்தும். அதனால் பாலிஷோடு நிறுத்தாமல் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு அடித்துவிடுவதே நல்லது. மேல்பக்கம் எத்தனை கோட்டோ அடிப்பக்கமும் அத்தனை கோட் அடியுங்கள். மேலே மட்டும் அடைத்து அடியைத் திறந்து விட்டால், மழைக்காலத்தில் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துப் பலகை வளையும். வளைந்தால் மாங்காயின் விளிம்புதான் முதலில் விரியும்.

டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிட் அளவு, புஷ் அளவு, எந்த மணைக்கு வெட்டியது, டேப் சுற்றியிருந்தால் எத்தனை சுற்று, எல்லாவற்றையும் அதன் மேலேயே பேனாவால் எழுதி, ஓரங்களில் ஒரு கோட் சீலர் அடித்து, தட்டையாகப் படுக்க வைத்துப் பரணில் போடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு அடைமழையிலேயே எம்.டி.எஃப் ஈரம் ஏறி ஓரம் உப்பிவிடும், அடுத்த மணைக்கு உதவாது.